பேண்டு செட்டுக்குக் காட்டிய கை

என் தங்கையின் கல்யாணத்துக்குப் பேண்டு செட் பேசி அமர்த்தியது நான்தான். ஒரு பொம்பளைப் பிள்ளை போய்ப் பேண்டுக்காரரிடம் பேசுவதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களில் ஒருவர்கூட ‘நான் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்’ என்று கிளம்பவில்லை. அதனால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐம்பதுகள் முடியப் போகிற சமயம் அது. நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பாவுக்கு டவுன் என்றால் மார்க்கெட்டில் தக்காளிக் கூடையை இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதுதான். ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி மண்பாதையில் இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர்.

பேண்டு வேண்டும் என்று கேட்டது மாப்பிள்ளை வீடு. ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே அவர்கள் ஊர். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் வளர்த்து ஆளாக்கியவர். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. நிச்சயத்தன்று தாம்பூலத்தட்டு மாற்றும்போது அவர் நிதானமாகச் சொன்னார். “பெரியவனுக்குப் பேண்டு வெச்சுத்தானுங்க அழைச்சோம். சின்னவனுக்கு இல்லீன்னா ஊர்ல ஒரு மாதிரிப் பேசுவாங்க. மத்ததெல்லாம் உங்க சௌகரியமுங்க.”

அப்பா தலையை ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் ஏன் என்னைப் பார்த்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு நான்கு வருஷம் முன்பு எனக்கும் ஒரு கல்யாணம் ஏற்பாடாகி, முகூர்த்தத்தன்று காலையில் நின்றுபோயிருந்தது. மறுநாள் கறி விருந்துக்கு நாலு கிடாய் என்று பேச்சு. அய்யலூர்ச் சந்தையில் நாலு பிடித்து ஓட்டிவந்ததில் ஒன்று வழியிலேயே வயிறு உப்பிச் செத்துப்போனது. கொல்லையில் மூன்றுதான் நிற்கிறது என்பதை மாப்பிள்ளையின் மாமன் எண்ணிப் பார்த்துவிட்டார். வாய்ப்பேச்சு முற்றியது. “இப்ப வேணாம், அடுத்த முகூர்த்தத்துல பாத்துக்குவோம்” என்று சொல்லி வண்டியைப் பூட்டினார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஊர் எல்லைவரை அந்த வண்டிகளுக்குப் பின்னாலேயே நடந்து போனார். நான் கூறைச் சேலையோடு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த அடுத்த முகூர்த்தம் வரவே இல்லை.

பிறகு எழுந்து சேலையை மடித்து வைத்துவிட்டு, மறு வருஷம் டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்தேன். ஒரு கிடாய்க்குச் சமமான பெண் என்று என்னை நானே கேலி செய்துகொள்வேன். வேறு யாராவது அந்தக் கேலியைச் செய்தால் கடித்துக் குதறிவிடுவேன். என் தங்கைக்கு அது நடக்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு ஒரு வெறி இருந்தது. பேண்டு கேட்டார்கள், பேண்டு. யானை கேட்டிருந்தாலும் பழநிக்குப் போய் ஓட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

பேகம்பூரில் ஒரு பேண்டு மாஸ்டர் இருந்தார். பட்டாளத்தில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவர். வீட்டு முன்னறையில் ஆணிக்கு ஒன்றாகச் சிவப்புக் கோட்டுகள் தொங்கின. மூலையில் பெரிய டிரம். அதன்மேல் பூனை படுத்திருந்தது. நான் வெற்றிலை பாக்குத் தட்டை வைத்ததும் அவர் உடனே எடுக்கவில்லை. ஒரு சின்ன நோட்டைப் பிரித்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். பஸ் எதுவரை வரும், மண்பாதையில் டிரம்மை ஏற்ற மாட்டு வண்டி உண்டா, கோட்டு மாற்ற ஓர் அறை கிடைக்குமா, நிற்கிற இடத்தில் நிழல் இருக்குமா. வெயில் பட்டால் டிரம் தோல் இழுத்துக்கொள்ளுமாம். கடைசியாக ஒன்று கேட்டார்.

“எங்க வாசிக்கணும்னு எல்லாரும் சொல்லிடுவாங்க டீச்சரம்மா. எங்க வாசிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லுங்க. கிராமத்துல எங்களுக்கு வந்த வம்பெல்லாம் அதுலதான்.”

நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. யோசித்துச் சொன்னேன். களத்துமேட்டில் வண்டி மாடுகள் கட்டியிருக்கும், மிரளும், அங்கே வேண்டாம். மேலத்தெருவில் ஒரு வீட்டில் பிள்ளை பெற்று மூன்று நாள், அங்கே வேண்டாம். அடுத்த வீட்டில் ஒரு சாவு விழுந்து பதினாறு கழியவில்லை, அங்கேயும் வேண்டாம். அவர் மூன்றையும் எழுதிக்கொண்டார்.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான் பாய்.”

“நல்லா யோசிங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றேன்,” என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு. ஒரே கேள்வியை யாரும் இரண்டு தரம் கேட்டால் எனக்கு ஆகாது. வகுப்பில் நான் கேட்பேன், அது வேறு. அவர் தட்டை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரமே, தை மாதத்தில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளையை இறக்கி, அங்கிருந்து பேண்டு முன்னால் போக, எங்கள் வீட்டுக்கு ஊர்வலம். சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. கிளாரினெட் குரல் எடுத்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தனக்கே அழைப்பு என்பதுபோல நடந்தார். எங்கள் ஊர் மேளக்காரர்கள் நாலு பேரும், நாயனமும் தவிலும் தாளமுமாக, பேண்டுக்குப் பின்னால் வந்தார்கள். பேண்டு வருகிறது என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தோம். தெருவுக்குப் பேண்டு, முகூர்த்தத்துக்கு மேளம் என்பது ஏற்பாடு. களத்துமேட்டில் பேண்டுச் சத்தம் நின்றது. பிள்ளை பெற்ற வீட்டிலும் துக்க வீட்டிலும் மூச்சுக் காட்டாமல் கடந்தது. என் ஏற்பாட்டை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

தெரு திரும்பினால் அம்மன் கோயில். பாய் நடை தளர்ந்து, கையிலிருந்த பிரம்பைப் பாதி தூக்கியபடி, இங்கேயும் நிறுத்தவா என்று கேட்பதுபோலக் கூட்டத்தில் என்னைத் தேடித் திரும்பினார். நான் சீர்த்தட்டோடு மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன். “எத்தனை தடவீங்க நிக்கறது? காலு நோவுதுங்க,” என்று ஓர் அம்மாள் என் காதுக்குள் புலம்பிக்கொண்டிருந்தார். நான் இடது கையைத் தூக்கி, போங்க போங்க என்று ஆட்டினேன்.

பேண்டு அம்மன் வாசலில் முழு வீச்சில் வாசித்தபடி கடந்தது. எனக்குப் பின்னால் நாயனம் நின்றது. பிறகு தவில் நின்றது.

அந்த வாசலில் எங்கள் ஊர் மேளத்தைத் தவிர வேறு வாத்தியம் ஒலித்ததே இல்லை. திருவிழாவுக்கு வரும் வெளியூர்ச் செட்டுகூட அங்கே வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டுதான் கடக்கும். பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம் இது. தினமும் பார்க்கிற வாசல் என்பதால் சொல்லத் தோன்றவில்லை. நாயனக்காரர் சத்தம் போடவில்லை. நாயனத்தின் வாயிலிருந்து சீவாளியைக் கழற்றித் துடைத்துப் பைக்குள் போட்டார். அப்பா ஓடிவந்ததும், “அவ வாசல்ல இன்னொரு வாத்தியம் கேட்டாச்சு. இனிமே எங்களுக்கு என்ன சோலி? நாளைக்குத் தாலிக்கும் அவுகளையே வாசிக்கச் சொல்லுங்க,” என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்ற மூவரும் பின்னால் போனார்கள். அந்த நிமிஷம் பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது எனக்கு.

அப்பா இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய்வந்தார். இரண்டாம் முறை நானும் போனேன். “தப்பு என் மேலதான்” என்று சொல்லி நின்றேன். எனக்கு அந்த வாக்கியம் லேசில் வாயில் வராது. கதவு திறக்கவில்லை.

விடிந்தது. ஏழரைக்குள் முகூர்த்தம். ஆறு மணிக்கு மேளம் வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. தங்கைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். “அக்கா, மேளம் வந்துருச்சா?” என்று கேட்டாள். வரும் என்றேன். “வரலைன்னா?” என்றாள். பின்னல் என் கையில் நழுவியது. “நின்னு போச்சுன்னா நானும் உன்னை மாதிரி திண்டுக்கல்லுக்கு வந்துருவேன்,” என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். அழுதுவிடாமலிருக்க அப்படிப் பேசினாள் என்பது எனக்குத் தெரியும். பூவைச் செருகிவிட்டு நேராகப் பேண்டுக்காரர்களைத் தங்கவைத்திருந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அவர்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டி முடித்த பிறகு பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத்தான் அவர்களுக்கு வேலை.

“பாய், கெட்டிமேளத்துக்கு நீங்கதான் வாசிக்கணும்.”

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். “எங்க நிக்காஹ்ல அது கிடையாது டீச்சரம்மா. பேண்டுலயும் கிடையாது. ஒரு மெட்டை எடுத்தா முடிச்சுத்தான் விடுவோம். ஐயர் விரலை ஆட்டினதும் பொளந்துகட்டி, சட்டுனு நிறுத்துறது தவில்காரர் வித்தை.”

“மெட்டு வேணாம். சத்தம் வேணும். ஒரு தும்மல், ஒரு அழுகை வெளியே கேக்கக் கூடாது. அதுக்குத்தான்.”

“சத்தமா?” என்று பெரிய டிரம்மைப் பார்த்தார். “அது முடியும்.”

பூட்ஸும் தோலுமாகப் பந்தலுக்குள் வரக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். பேண்டு தெருவில், கீற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றாக வேண்டும். மணமேடையோ ஐயரின் விரலோ அங்கிருந்து தெரியாது. பந்தல் வாசலில் நான் நிற்கிறேன், ஐயர் சைகை காட்டியதும் கையைத் தூக்குகிறேன் என்றேன்.

“நேத்தும் கை காட்டினீங்க,” என்றார் பாய். குத்திக்காட்டவில்லை, சும்மா சொன்னார்.

“இன்னைக்குச் சரியா காட்டுவேன்.”

“உங்க கையை மட்டும்தான் பார்ப்பேன். வேற யாரு கத்தினாலும் என் பிரம்பு இறங்காது. இன்ஷா அல்லா, நல்லா நடக்கும்.”

பந்தலுக்குத் திரும்பியபோது முணுமுணுப்பு தொடங்கியிருந்தது. மேளம் எங்கே, மேளம் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பேண்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் இவர்கள், மேளம் இல்லையே என்று முகம் சுளிப்பதும் இவர்கள். பேண்டே கெட்டிமேளமும் வாசிக்கும் என்று அப்பா கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். பெரியப்பா வாய் நிறைய வெற்றிலையோடு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். ஐயர் மந்திரத்தை ஆரம்பித்தார். தாலியைத் தட்டில் வைத்து, எல்லோரும் தொட்டு ஆசீர்வாதம் செய்ய ஒருவர் சுற்றிக் கொண்டுவந்தார். கையில் எல்லோருக்கும் அட்சதை கொடுத்தாயிற்று. நான் வாசல் காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒரு கண்ணும் தெருவில் ஒரு கண்ணுமாக நின்றேன். கீற்றுக்கு அப்பால் பாய் பிரம்பைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

தட்டு மேடைக்குத் திரும்பியது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையின் இரண்டு கையிலும் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ பெரியப்பாவின் காதில் குனிந்து பேசுவதைப் பார்த்தேன். எங்கள் ஊர் ஆள்தான். பெயர் வேண்டாம், செத்துப்போய்விட்டான். பெரியப்பா எழுந்து பந்தக்கால் ஓரத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

“செத்த நிறுத்துங்க சாமி,” என்றார். ஐயர் நிறுத்தினார். பந்தல் அடங்கியது. “அம்மன் வாசல்ல குத்தம் நடந்துபோச்சுன்னு இப்பத்தானுங்க சொல்றாங்க. மேளம் வராததுக்கு அதுதான் காரணமுங்களாம். எங்க கிட்ட மறைச்சுட்டீங்க. சாமி கோவிச்சுக்கிட்ட நேரத்துல தாலி ஏறுனா எங்க குடும்பம் தாங்காதுங்க.” அவர் குரலில் வம்பு இல்லை, பயம் இருந்தது. வம்பாக இருந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். பயத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது? “தம்பி எந்திரி. அடுத்த முகூர்த்தத்துல பாத்துக்கலாமுங்க.”

அதே சொல். எனக்கு மேடை தெரியவில்லை, மூன்று கிடாய்தான் தெரிந்தது. அப்பாவைப் பார்த்தேன். மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கை குனிந்த தலை குனிந்தபடியே இருந்தாள்.

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. உட்காரவும் இல்லை என்று சொல்ல வேண்டும். பாதி எழுந்தவர்போல முழங்காலில் நின்றார். தாலி கையில் இருந்தது. அவர் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். தெருவில் பாயும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயரின் விரல் தொடைமேல் சும்மா கிடந்தது.

நான் வலது கையைத் தூக்கினேன்.

அப்படி ஒரு சத்தத்தை எங்கள் ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. பெரிய டிரம்மும் சின்ன டிரம்மும் ஜால்ராவும் நான்கு பித்தளைக் குழல்களும் எந்த மெட்டும் இல்லாமல் ஒரே நேரத்தில் வெடித்தன. கொல்லையில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. பெரியப்பாவின் வாய் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. சத்தம் கேட்டால் அட்சதை போட வேண்டும் என்பது எல்லாக் கைகளுக்கும் பழகிப்போன விஷயம். யாரும் யோசிக்கவில்லை. பெண்கள் குலவை எடுத்தார்கள். நாலாபக்கமும் அரிசி பறந்தது. நிறுத்து நிறுத்து என்று வாயைத் திறந்துகொண்டிருந்த பெரியப்பாவின் வலது கையும், அதுபாட்டுக்கு உயர்ந்து, பிடித்திருந்த அரிசியை மேடையை நோக்கி வீசியது. இதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மாப்பிள்ளை குனிந்து முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டையும் அவருடைய அக்கா போட வேண்டும். அந்த அம்மாள் விளக்கோடு தங்கைக்குப் பின்னால் நின்றிருந்தார். பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பெரியப்பாவின் கையிலிருந்து அரிசி போனதை இவரும் பார்த்திருக்க வேண்டும். விளக்கைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு மண்டியிட்டு இரண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டார். நான் கையை இறக்கினேன். பேண்டு நின்றது. காது இரண்டும் கொஞ்ச நேரம் ரீங்காரம் போட்டன.

பெரியப்பா நேராக என்னிடம் வந்தார். “யாருங்க சைகை காட்டுனது?”

“நான் வேர்வை தொடைச்சேங்க. பேண்டுக்காரர் தப்பா எடுத்துக்கிட்டார் போல.”

அவர் என் நெற்றியைப் பார்த்தார். “தை மாசத்துப் பனியிலீங்களா?” என்றார். நான் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். அவர் மேலே கேட்கவில்லை. அவர் போட்ட அரிசியே அவர் வாயை அடைத்துவிட்டது. அன்று மத்தியானம் அவரே முன்னால் நின்று, பெண்ணையும் மாப்பிள்ளையையும் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் உடைக்க வைத்தார். பேண்டு உறைக்குள் இருந்தது. நாயனக்காரர் வீட்டுக்கு அப்பாவும் அவருமாகப் பழத்தட்டோடு போனார்கள். கதவு திறந்தது.

டிரம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பாய் அந்தச் சின்ன நோட்டை எடுத்து எங்கள் ஊர்ப் பக்கத்தைப் புரட்டினார். மூன்றுக்குக் கீழே நாலாவதாக அம்மன் கோயில் என்று எழுதிக்கொண்டார். மறுபடி இந்த ஊருக்கு வந்தால் வேண்டியிருக்கும் என்றார்.

“வேர்வைன்னு சொன்னீங்களாமே டீச்சரம்மா.”

“ஆமா.”

“வேர்வை தொடைக்கிற கை நெத்தியில நின்னுடும். உங்க கை அதையும் தாண்டிப் போச்சு,” என்றார். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.” அவர் சொல்லவில்லை. நானும் இத்தனை வருஷம் வேர்வை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கையிடம்கூட அப்படித்தான். அவள் மூன்று பிள்ளை பெற்று ஒட்டன்சத்திரத்துக்காரியாகவே ஆகிவிட்டாள். பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடுகிறாள். அவள் புருஷன் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மரியாதை கூடுதலாகவே காட்டுவார். எதற்கு என்று நானும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, நானும் அப்பாவும் பந்தலில் வாழை மரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். ஜமக்காளத்தில் இன்னும் அட்சதை கிடந்தது. அப்பா கயிற்றைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“நீ கையைத் தூக்குனதை நான் பாத்தேன் தாயி,” என்றார்.

நான் அவிழ்த்த வாழை மரத்தைத் தரையில் சாய்த்தேன்.

“அன்னைக்கு உனக்கு நான் தூக்கிருக்கணும். கட்டிக்கிட்டு நின்னுட்டேன்.”

அப்படியெல்லாம் இல்லைப்பா என்று சொல்லியிருக்கலாம். பெற்றவருக்கு அவ்வளவு செய்யலாம்தான். எனக்கு அது வரவில்லை.

“ஆமாப்பா,” என்றேன்.